மூன்று மொழிக் கல்

பரங்கிமலைக்குத் திருப்பயணம் செல்லும் இராயபுரத்து மக்கள், சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடப்பதை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. மறைமலை அடிகள் பாலத்தைப் பேருந்து கடந்துவிடும். அதற்குள் செபமாலையில் இரண்டு மணிகூட நகர்ந்திரா. முன்னாளிலோ ஆறு பெருகினால் கரையிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அந்நிலையை மாற்றியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். 1726-இல் தம் சொந்தப் பொருள் 30,000 வராகனைச் செலவிட்டு அங்கே வளைவுப் பாலம் ஒன்றைக் கட்டினார். மர்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். மாம்பலம் என்பது ஐரோப்பியர் நாவில் அப்படித் திரிந்தது என்பர். மலையேறும் படிகளையும் அவரே அமைத்தார். கட்டியதோடு நில்லாமல், பாலத்தைப் பேணுவதற்கெனத் தனியே ஒரு தொகையும் ஒதுக்கினார். இதுவே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கோவில் கட்டத் திரளும் நன்கொடை, கூரை ஒழுகும்போது திரள்வதில்லை என்பதைப் பங்குப் பணியில் பலமுறை கண்டிருக்கிறோம்.

2004-ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை, நண்பர் இருவருடன் சைதாப்பேட்டை இரயில் நிலையத்திலிருந்து நடந்து சென்று அவ்விடத்தைக் கண்டோம். பழைய பாலம் 1960-களிலேயே மறைந்து, புதியது எழுந்துவிட்டது. எஞ்சியிருந்தது சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு நினைவுக் கல் மட்டுமே. பாரசீகம், இலத்தீன், அர்மீனியம் என மூன்று மொழிகளில் பொறித்தது. நவாபின் அதிகாரிகளுக்குப் பாரசீகம், திருச்சபைக்கு இலத்தீன், தம் இனத்தாருக்கு அர்மீனியம் என்று நாம் நமக்குத் தோன்றிய விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். நண்பருள் ஒருவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வு பெற்றவர். கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "தமிழ் எங்கே சாமி? பாலத்துக்குக் கல் சுமந்தவன் படிக்க வேண்டாமா?" என்றார்.

இறையியல் படித்த நமக்கு உடனே விடை வரவில்லை. பணம் கொடுத்தவர் பெயரைத்தானே எழுதுவார்கள் என்று மற்ற நண்பர் சமாதானம் சொன்னார். அது அவருக்கு நிறைவளிக்கவில்லை, நமக்கும்தான். நம் இராயபுரத்துத் தூய பேதுரு ஆலயமே படகோட்டிகளின் கைப்பொருளால் எழுந்ததாயிற்றே! அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

இரயிலில் திரும்பும்போது அவர் அதிகம் பேசவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு, மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தே நின்றது. தண்ணீர் வடியத் தொடங்கியதும் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. தம் வீட்டுக்குள் புகுந்த மழைநீரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"அந்தக் கல் இருக்கிறதா சாமி?" என்று கேட்டார்.