கோச்சேரி

அப்பாயியின் முதியோர் உதவித்தொகை நின்று ஐந்து மாதம். காரணம், பெயர். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் கிளம்புவதற்கு முன்பே பிறந்தவர். பிறப்புப் பதிவில் ஒரு எழுத்துக்கூட்டல், ரேஷன் கார்டில் வேறு, ஆதாரில் மூன்றாவது. "மூணு பேரும் ஒரே ஆள்னு எப்படிங்க நம்புறது?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

அன்று ராத்திரி கொல்லையில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. தூக்கம் வராமல் பாந்தாசாரஸ் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நீர்நில வாழ்வி. தட்டையான பெரிய தலை, மூக்குப் பக்கமாகவே தள்ளி வைத்த கண்கள். கிடைத்த இடம் தெலங்கானாவின் மலேரிப் படிவுகள், பிராணஹிதா-கோதாவரிப் பள்ளத்தாக்கு. அந்தக் கோதாவரியின் வால் முனையில்தான் நம்ம யூனியன் பிரதேசத்தின் ஏனாம் இருக்கிறது. ஆக, ஒருவகையில் பங்காளிதான்.

1965இல் தபன் ராய் சௌத்ரி வைத்த பெயர் மெட்டோபோசாரஸ் மலேரியென்சிஸ். பிறகு அதை அமெரிக்கப் பேரினமான புயெட்னேரியாவுக்கு மாற்றினார்கள். 1922இல் வைக்கப்பட்ட அந்தப் பெயரோ, 1889லேயே ஒரு வெட்டுக்கிளி வகைக்குப் போய்விட்டது! விலங்கியலில் ஒரு பேரினப் பெயர் ஒன்றுக்குத்தான், முதலில் வந்தவருக்கே. எங்கள் வேலையில் ஒரே பெயரில் இரண்டு மாட்யூல் மோதிக்கொள்வது தினசரிக் கதை. இங்கே அதைச் சரிசெய்ய 2007 ஆகிவிட்டது. 2019இல் சஞ்சுக்தா சக்கரவர்த்தியும் துர்ஜதி சென்குப்தாவும் மண்டையோட்டு எலும்புகளை ஒவ்வொன்றாக அளந்து, இது தனிப் பேரினம் என்று பாந்தாசாரஸ் பெயரைக் கொடுத்தார்கள். இருவரும் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். புள்ளியியலுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், 1950களில் மகாலனோபிஸ் லண்டனிலிருந்து பமீலா ராபின்சனை வரவழைத்துத் தொடங்கி வைத்த வேலை அது.

இந்தக் குடும்பத்துக்குள் யார் எந்தப் பேரினம் என்ற சண்டையில் பெரும்பங்கு ஒரு சின்ன எலும்பைப் பற்றியது. லாக்ரிமல், கண்ணீர் எலும்பு. அது கண்குழியின் ஓரத்தைத் தொடுகிறதா இல்லையா? அவ்வளவுதான். அதற்குப் பல பத்தாண்டுகள்.

இத்தனை மாற்றத்திலும் மலேரியென்சிஸ் மட்டும் அப்படியே நின்றது. ஊர்ப்பெயர் கைவிடாது என்று எனக்கு ஒரு தெம்பு.

மறுநாள் நோட்டரியிடம் போனோம். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று டைப் செய்துகொண்டே வந்தவர் பிறப்புப் பதிவில் நின்றார். ஊர் 'கோச்சேரி' என்று இருந்தது. கோட்டுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்த எழுத்துக்கூட்டல்.

மை காயாத கட்டை விரலை முந்தானையில் துடைத்தபடி அப்பாயி கேட்டார்: "எனக்கு நான் ரேகை வச்சுட்டேன். ஊருக்கு யாருடா வைப்பா?"