இரைச்சலுக்கு எத்தனை டிகிரி?

பிரிக்காத இன்சுலின் புட்டியை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்துபோனால் எறிந்துவிட வேண்டியதுதான். கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில், அடிக்கடி திறந்து மூடும் எங்கள் பழைய ஃபிரிட்ஜை அம்மாவின் மருந்துக்கு நம்பலாமா? கல்லூரியில் படிக்கும் மகள் சாந்தினி சவுக்கில் உதிரி பாகங்கள் வாங்கி வந்து வெப்பமானி ஒன்று செய்தாள். எல்.எம்.35 என்ற சில்லு ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஆர்டுயினோ பலகை அதை எண்ணாக்கும்.

எண்ணோ ஓரிடத்தில் நிற்கவில்லை. 5 காட்டும், மறு விநாடி 9.

"மருந்து கெட்டுப்போச்சாடி?" என்றார் அம்மா.

"இல்ல பாட்டி, ஒரு விநாடியில புட்டி அவ்வளவு சூடாகாது. கோளாறு வயர்ல" என்றாள் மகள்.

நூறு அளவுகளின் சராசரியைக் காட்டினால் எண் அடங்கிவிடும் என்றார் பக்கத்து வீட்டு இளைஞர். அடங்கும்தான். ஆனால் இந்தப் பலகை சுழியத்துக்குக் கீழே படிக்காது. கீழ்நோக்கிய நடுக்கம் வெட்டுப்பட்டு மேல்நோக்கியது மட்டும் மிஞ்சினால், சராசரியும் பொய்தான்.

மகள் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். விசிறியை அணைத்ததும் அமைதி. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சாரத்தை விநாடிக்கு 100 தடவை வெட்டி அனுப்புகிறது. சில்லிலிருந்து வரும் இரண்டு மீட்டர் வயர் ஏரியல் மாதிரி அந்த அதிர்வை வாங்கிக்கொள்கிறது. 40 மில்லிவோல்ட் நுழைந்தால் போதும், 4 டிகிரி கூடிவிடும். அறிவியல் கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது இதைத்தான் 'இரைச்சல்' என்று எழுதுகிறேன். காதில் விழாத இரைச்சல்.

இதே நகரின் பிரசிடென்சி கல்லூரியில், 1890களில் மின்னலைகளை ஆராய்ந்த ஜகதீஷ் சந்திர போஸுக்கும் இந்தத் தலைவலி இருந்தது. தப்பியோடும் அலைகள் உணர்கருவியைக் குழப்பாதிருக்க, பொறி எழுப்பும் கருவியை உலோகப் பெட்டிக்குள் அடைத்தார்.

மகள் வயருக்கு உலோக உறை போட்டாள். உறையுள்ள கேபிளை வாங்கி, உறையின் ஒரு முனையை மட்டும் கிரவுண்டில் இணைத்தாள். சில்லுக்கு மின்சாரம் வரும் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். நீண்ட கேபிளே சில்லைத் தடுமாற வைக்கலாம் என்பதால், அளவு வெளிவரும் காலில் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர். எண் 5ல் நின்றது.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. இந்த எளிய இணைப்பில் எல்.எம்.35 அளப்பது 2 டிகிரியிலிருந்துதான். மருந்து உறையும் குளிரை அது சொல்லாது. அதற்காகப் புட்டிகளுக்குப் பக்கத்தில் சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறோம்.