நட்சத்திரங்களை நம்பலாமா?

முன்னாளில் ஒரு தையற்பொறி வாங்குவதானாலும், பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பதானாலும் அண்டை அயலாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கம். சொல்பவர் எப்படிப்பட்டவர் என்பது நமக்குத் தெரியும். ஆகவே அவர் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். இன்றோ கைப்பேசியைத் திறந்து, முகமறியாதவர்கள் இட்ட நட்சத்திரங்களை எண்ணுகிறோம். நாலரை நட்சத்திரம் கண்டால் மனம் அமைதி கொள்கிறது. அந்த அமைதிக்குத் தக்க ஆதாரம் உண்டா?

இலண்டன் மாநகரில் 2017ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஊபா பட்லர் என்னும் எழுத்தாளர், தாம் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகமென்று டிரிப் அட்வைசர் தளத்தில் பதிவு செய்தார். சவர நுரை முதலியவற்றால் உணவு வகைகளைப் போலச் செய்து படமெடுத்து இட்டார். நண்பர்கள் புகழுரை எழுதினர். வாடிக்கையாளர் ஒருவருக்கேனும் அங்கே இலை போடப்படவில்லை. ஆயினும் சில மாதங்களில் அது இலண்டன் உணவகங்களுள் முதலிடம் பெற்றது! தாம் காணாத உணவகங்களைப் புகழ்ந்தெழுதிக் கூலி பெற்றவர் அவர். அந்த அனுபவமே இச்சோதனைக்கு வித்து.

இத்தகைய கூலிக்கு ஆள் தேடுவானேன்? பணமே காரணம். சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூக்கா, யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு உயர்வதாக 2011இல் கணித்தார். விலையுள்ள பொருளுக்குப் போலி தோன்றுவது உலக இயல்பு அன்றோ?

எங்கள் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் தன் கைப்பேசிக்கு வந்த அழைப்பை என்னிடம் காட்டினான். அவன் பார்த்தேயிராத தங்கும் விடுதிகளுக்கு ஐந்து நட்சத்திரம் இட்டால், விடுதிக்கு ஐம்பது ரூபாயாம். மூன்று விடுதிகளுக்கு இட்டு, நூற்றைம்பது ரூபாயும் பெற்றிருந்தான். "இதனால் யாருக்கு என்ன நட்டம், சாமி?" என்று கள்ளமின்றிக் கேட்டான்.

"தம்பி, உன் சொல்லை நம்பி ஒரு குடும்பம் முதிய தாயோடு நள்ளிரவில் அங்கே போய் இறங்குமே, அவர்களுக்கு!" என்றேன். நட்டம் அவனையும் தேடி வரும் என்பதையும் விளக்கினேன். முதலில் சிறு தொகை தந்து நம்பவைத்து, பிறகு "முன்பணம் கட்டினால் பெருந்தொகை" என்று ஆசை காட்டிச் சேமிப்பைச் சுருட்டுவதே இம்மோசடியின் வழி. ஏமாந்தோர் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம்.

சட்டம் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. இணைய வணிகத்திற்கான 2020ஆம் ஆண்டு விதிகள், விற்பவரே வாங்குபவராக வேடமிட்டு மதிப்புரை எழுதுவதைத் தடுக்கின்றன. மதிப்புரைகளைத் திரட்டி வெளியிடும் முறைக்கென 2022இல் ஒரு தரவிதியும் நம் நாட்டில் வெளியாயிற்று. எனினும் ஒவ்வொரு நட்சத்திரத்திற்கும் காவலரை நிறுத்த இயலுமா?

ஆகவே எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டுவதில்லை. வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மிக மகிழ்ந்தவரும் மிகச் சினந்தவருமே பெரும்பாலும் எழுதுகின்றனர். இடைப்பட்டோர் வாளா இருக்கின்றனர். எனவே சராசரியை மட்டும் பாராமல், எத்தனை பேர் எழுதினர் என்றும் பாருங்கள். மூன்று நட்சத்திரம் இட்டவர் நிறையும் குறையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். அதைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரே நாளில் ஒரே நடையில் வந்து குவிந்த புகழுரைகளை ஐயுறுங்கள். "அருமை, அற்புதம்" என்பதைவிட, "மாடியறைக்குக் காலையில் தண்ணீர் ஏறவில்லை" என்பது பயன் தரும். மருத்துவம் போன்ற பெரிய காரியங்களில், அங்கே சென்று வந்த இருவரையாவது நேரில் கேளுங்கள்.

நாம் எழுதும்போதோ, கண்டதை மட்டும், நிறையைப் போலவே குறையையும் அளவோடு எழுதுவோம். கடைக்காரரிடம் கொண்ட கோபத்தைத் தீர்க்க ஒற்றை நட்சத்திரம் இடுவதும், உறவினர் கடைக்காக ஐந்து இடுவதும் பொய்ச் சாட்சியே. நாம் அறியாத ஒரு குடும்பம் அதை நம்பி, தன் உழைப்பின் பணத்தைச் செலவிடப் போகிறது என்பதை நினைவில் கொள்வோம்.