அரை மில்லிமீட்டருக்குள்

தர்மபுரிப் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவரின் பல்லுக்குத் தனி அடையாளம் உண்டு. மேல் முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே காவிப் பட்டை ஓடும். சுற்றிலும் பளபளப்பில்லாத சுண்ணாம்பு வெள்ளை, இடையிடையே சின்னச் சின்னக் குழிகள். பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து பல் மருத்துவரான என்னிடம் வருகிறவர்களில் பலர் பேச ஆரம்பிக்கும்போதே கையை வாய்க்கு மேல் கொண்டுபோய்விடுவார்கள். "பல்லே வெளக்க மாட்டியான்னு கேக்கறாங்க சார்" என்பது நான் ஓயாமல் கேட்ட வாக்கியம். விளக்குவதற்கும் இந்தக் கறைக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த வட்டாரத்து அடிப்பாறையில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் இருக்கின்றன. பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரைத்தான் ஆழமான போர்வெல் மேலே கொண்டுவருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. நிரந்தர முன்பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அந்த வயதில் உடம்பில் ஃபுளோரைடு மிகுந்தால் எனாமல் முழுதாக முற்றாமல், மேல்தோலுக்கு அடியில் நுண்துளைகளோடு நின்றுபோகும். பல் முளைத்து வெளியே வந்த பிறகு சாப்பாட்டின் நிறம் அந்தத் துளைகளில் ஊறி ஊறிக் காவி ஏறுகிறது. ஆகவே கறை பல்லின் மேல் இல்லை, பல்லுக்குள் இருக்கிறது. தேய்த்தால் எப்படிப் போகும்?

ஒரு தாய் தன் மகளை அழைத்துவந்தார். பி.எட். முடித்த பெண். "கல்யாணம் பேசறோம் சார். முன்னாடி இருக்கற பல்லுக்கெல்லாம் கேப் போட்டுடுங்க" என்றார். மகளிடம் கேட்டேன். "கிளாஸ்ல நின்னு பேசறப்ப பசங்க என் பல்லையே பாக்கறாங்க சார், அதுதான்" என்றாள். அவள் சொன்ன காரணத்தை முதல் காரணமாக எடுத்துக்கொண்டேன்.

முழு கேப் போட வேண்டுமானால் வெளியே தெரியும் பல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செதுக்கி எறிய வேண்டும். வெனீருக்கு, வடிவைப் பொறுத்து, 3 முதல் 30 சதவீதம் போதும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் உயிருள்ள பல்லில் மூன்றில் இரண்டு பங்கை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. செராமிக்கை மீண்டும் செய்துகொள்ளலாம். எனாமல் ஒருமுறை போனால் போனதுதான், உடம்பு அதைத் திரும்ப வளர்க்காது.

வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய செராமிக் ஓடு. 1928-இல் சார்லஸ் பிங்கஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் ஹாலிவுட் நடிகர்களுக்காக இப்படி ஓடுகள் செய்தார். பல்செட்டை நிறுத்தும் பொடியால் ஒட்டி, படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். நிலையாக ஒட்டும் வழி அன்று இல்லை. 1955-இல் மைக்கேல் புவோனகோர், பாஸ்பாரிக் அமிலம் பட்ட எனாமலில் பிசின் கெட்டியாகப் பிடிக்கிறது என்று காட்டினார். செராமிக்கின் உள்பக்கத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை 1980-களின் தொடக்கத்தில் வந்தது. இரண்டு பக்கமும் அரிக்கப்பட்ட பிறகுதான் வெனீர் ஆண்டுக்கணக்கில் நின்றது. எனாமலில் ஒட்டியது பத்தாண்டு தாண்டியும் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் நிற்கும். எனாமலைக் கடந்து அதற்கு அடியிலுள்ள டென்டினுக்குள் போய்விட்டால் பிடிப்பு தளரும்.

ஃபுளோரைடு பல்லில் சிக்கலே இங்கேதான். ஆழமாகச் செதுக்கினால் ஒட்டு போகிறது. மெல்லிய ஓடாக வைத்தால், ஈரம் கசிந்த சுவரில் ஒரே பூச்சு வெள்ளை அடித்ததுபோல், காவி அப்படியே வெளியே தெரிகிறது. நிறத்தில் ஒரு ஷேடு மாற்ற ஏறக்குறைய 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் கனம் தேவை என்பது எங்கள் தொழில் கணக்கு. ஈறோரத்தில் எனாமலே அரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். நாலு ஷேடு மாற்ற நினைத்தால் கணக்கு உதைக்கும்.

அதனால் கறையைச் செராமிக்கால் மறைப்பதற்கு முன், பல்லிலேயே கறையைக் குறைக்கப் பார்ப்பேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அரைப்புத்தூளும் கலந்த பசையை வைத்து மேற்பரப்பை மெல்லத் தேய்த்தால் மேலோட்டமான காவி நிறையவே போகும். பிறகு பிளீச்சிங். மிதமான கறை பலருக்கு இத்தோடு அடங்கிவிடும். அவர்களை வெனீர் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்தப் பெண்ணுக்கு ஓரப் பற்கள் இப்படியே தெளிந்தன. நடு நான்கு பற்களில் குழி இருந்ததால் அங்கே மட்டும் வெனீர் என்று முடிவானது. பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டும். பல்லில் தங்கிய ஆக்சிஜன் பிசினை இறுக விடாது.

செதுக்குவதற்கு முன், மெழுகில் செய்த வடிவத்தைச் சிலிக்கோன் அச்சில் எடுத்து, தற்காலிகப் பிசினாகப் பல்மேலேயே வைத்துப் பார்ப்பேன். ஊசி போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். மரத்த உதடு சிரிக்காது. "வாவா, அவ்வை, எவ்வளவு" என்று சொல்லச் சொல்லி, கீழுதட்டின் உள்விளிம்பில் மேல் பல் நுனி எங்கே படுகிறது என்று கவனிப்பேன். உதட்டை இடித்தால் நுனி நீளம். பிறகு அந்தப் பிசினின் மீதே ஆழம் குறிக்கும் பர் என்ற செதுக்குமுனையை ஓட்டுவேன். பல் உள்ளடங்கிய இடத்தில் பர் பிசினை மட்டும் தொட்டு நின்றுவிடும், எனாமல் தப்பிக்கும். பழைய பல்லை அளவாக வைத்துச் செதுக்குவதை விட, வரப்போகும் பல்லை அளவாக வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஷேடு பார்ப்பது அன்றைய முதல் வேலை. வாய் திறந்தபடி சிறிது நேரம் இருந்தாலே பல் ஈரம் வற்றி வெளுத்துவிடும், அதை நம்பி நிறம் எடுத்தால் கெட்டது. சன்னல் வெளிச்சத்தில் லேப் டெக்னீஷியனையும் கூடவே நிற்கவைத்துப் பார்ப்பது என் வழக்கம். ஷேடு கைடில் பதினாறு துண்டுகள் இருந்தாலும் ஒரு பல்லே ஒரே நிறம் கிடையாது. ஈறோரம் சற்று மஞ்சள், நடுவில் வெளிச்சம், நுனியில் ஒளி ஊடுருவும் சாம்பல் நீலம். எங்கள் டெக்னீஷியன் தூரிகையால் படிப்படியாகச் செராமிக் பொடியை அடுக்கும்போது அதையெல்லாம் கொண்டுவருவார். கையில் வாங்கிய ஓடு வெளிச்சத்தை எப்படி உள்ளே விட்டு எப்படித் திருப்பித் தருகிறது என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்ததே இல்லை. டிவி நடிகை மாதிரி பளீர் வெள்ளை வேண்டும் என்பார்கள். கண்ணின் வெண்மையை விட வெளுத்த பல் முகத்தில் தனியாகத் துருத்தும் என்று கண்ணாடியில் காட்டிச் சொல்வேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒட்டுகிற நாள் நிதானமான நாள், வேறு யாருக்கும் நேரம் கொடுக்க மாட்டேன். ரப்பர் டேம் கட்டி எச்சிலையும் மூச்சின் ஈரத்தையும் தள்ளிவைக்க வேண்டும். செராமிக் ஓட்டின் உள்பக்கத்தை அரிப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். இந்தப் பல்லைக் கெடுத்த அதே தனிமம்தான் இங்கே ஒட்டுக்கு உதவுகிறது. லித்தியம் வகைச் செராமிக்குக்கு 5 சதவீத அமிலத்தில் 20 விநாடி போதும். கழுவிக் காயவைத்து, பிசின் பிடிக்கச் சிலேன் பூசுவேன். பல்லுக்குப் பாஸ்பாரிக் அமிலம். சாதாரண எனாமலுக்கு 30 விநாடி. ஃபுளோரைடு ஏறிய எனாமலின் மேல்படலம் அமிலத்துக்கு அசையாது, ஆகவே லேசாகச் சொரசொரப்பாக்கி இரட்டிப்பு நேரம் வைப்பேன். காயவைத்ததும் பனி வெள்ளையாகத் தெரிந்தால்தான் அடுத்த வேலை. நடுப்பற்கள் இரண்டும் முதலில். விரலால் அழுத்தாமல் மிதக்கவிட்டு உட்காரவைத்து, ஓரிரு விநாடி விளக்கு காட்டி, பிதுங்கிய பிசினை ஈறோரத்திலிருந்து சுத்தமாக எடுத்து, பிறகு முழு ஒளி. ஈறோரத்தில் மிஞ்சும் ஒரு துளிப் பிசின் ஆண்டுகள் கழித்து ஈறு வீக்கமாக வந்து நிற்கும்.

நான் மறுக்கும் ஆட்களும் உண்டு. பதினாறு வயதுக்காரருக்கு ஈறு இன்னும் ஏறி முடியவில்லை, காத்திருக்கச் சொல்வேன். இரவில் பல் கடிப்பவர் முதலில் அதற்கான தகடு போட்டுப் பழக வேண்டும். குறையே இல்லாத பல்லோடு வந்து வெனீர் கேட்பவரிடம் பிளீச்சிங்கோடு நிறுத்திக்கொள்வேன்.

எல்லாம் முடிந்த பிறகு அந்தத் தாய் கேட்டது தன் பேரனைப் பற்றி. மகன் வழிப் பேரன், இரண்டு வயது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இலிருந்து அந்த மாவட்டத்துக்கு வருகிறது. அவர்கள் வீட்டிலோ குடிக்க ஆற்றுத் தண்ணீர், சமைக்கப் போர் தண்ணீர். "சோறு, பருப்பு, பால் காய்ச்சறது எல்லாத்துக்கும் ஒகேனக்கல் தண்ணியே ஊத்துங்கம்மா. கொதிக்கவெச்சா ஃபுளோரைடு போகாது. பையன் பேஸ்ட்டை முழுங்காமப் பாத்துக்குங்க. அஞ்சு வயசு வரைக்கும் இதைச் செஞ்சீங்கன்னா போதும், அவன் முன்பல்லுக்கு என்கிட்ட பெரும்பாலும் வர வேண்டியிருக்காது" என்றேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்து, "அண்ணிக்கு இப்பவே போன் போடு" என்றார்.