வாப்பாவின் சேத்தக்

பழைய பஜாஜ் சேத்தக்கில் கியர் போடுவது கால் வேலை அன்று, கை வேலை. இடக்கையால் கிளட்சை அழுத்திக்கொண்டு பிடியைத் திருக வேண்டும். அந்தத் திருகலை இன்ஜின்வரை கொண்டு செல்பவை இரண்டு கேபிள்கள். ஒன்று இழுபடும்போது மற்றொன்று தளர்ந்து கொடுக்கும்.

எழுபதைக் கடந்த எங்கள் வாப்பா ஃபஜ்ருக்குப் பள்ளிவாசல் செல்வதும், திரும்புகையில் மீன் வாங்கி வருவதும் அந்த வண்டியில்தான். சில வாரங்களாக அவர் நடந்தே போய் வந்தார். காரணம் கேட்டோம். "இந்தக் கைக்கு இனி வண்டி சரிப்படாது, வாப்பா" என்றார். உம்மாவுக்கு உள்ளூர நிம்மதி. வண்டியை விற்றுவிடும் பேச்சும் எழுந்தது.

விற்பதற்கு முன் சகோதரர்கள் நாங்கள் இருவரும் பிடியைத் திருகிப் பார்த்தோம். எங்கள் கைகளுக்கே அது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்க மறுத்தது. முகப்பு விளக்கைக் கழற்றினோம். ஒரு கேபிளின் உள்கம்பி துருவேறி, பாதி இழைகள் அறுந்து முள்போல் விரிந்து நின்றது. அறுந்த இழைகள் அவுட்டருக்குள் சிக்கிக்கொண்டால் எந்தக் கைக்கும் கியர் எளிதில் வராது.

பெருமானார் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள், தம் உடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை மதரசாவில் ஓதி வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் ஒரு திருகாணியைத் தொடக்கூடத் தயங்குகிறோம். மெக்கானிக்கின் பிழைப்பை இலேசாக எண்ணிச் சொல்லவில்லை. இன்ஜினைப் பிரிக்க நாங்கள் துணிய மாட்டோம். ஆனால் இது இன்ஜினுக்கு வெளியே நடக்கும் வேலை. உள்கம்பியின் விலையோ ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்குக்கூட ஈடாகாது.

இன்ஜினின் அடிப்பக்கம் உள்ள கியர் பெட்டியின் மூடியைக் கழற்றி, கம்பியைப் பிடித்திருக்கும் சிறு கவ்வியைத் தளர்த்தி, பழைய கம்பியை மேல்வழியாக உருவினோம். புதியதில் கிரீஸ் தடவி அதே அவுட்டருக்குள் செலுத்தினோம். பாதி வழியில் நின்றது. தள்ளினால் மடங்கிவிடும். விரல்களால் உருட்டி உருட்டித்தான் அனுப்ப வேண்டும். இதற்கே அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுதுவிட்டு வந்து தொடர்ந்தோம்.

சேர்ப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. பிடியை நியூட்ரலில் நிறுத்தி, பெட்டியையும் நியூட்ரலில் வைத்து, கம்பி தொங்காமலும் விறைக்காமலும் கவ்வியை முடுக்க வேண்டும். இழுவை சரியில்லையெனில் ஓடும்போதே கியர் வெளியே தள்ளிவிடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நான்கு கியரையும் போட்டுப் பார்த்தோம். மிச்சக் கம்பியை வெட்டி, முனையில் ஈயப் பற்று வைத்தோம். இல்லையேல் இழைகள் பிரிந்துவிடும்.

திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வாப்பா எழுந்து வந்து பிடியைத் திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு; பிறகு அதே வழியில் கீழே. தம் வலக்கையால் இடக்கை மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "அட்ஜஸ்டரை இன்னும் அரைச் சுற்று விடு" என்றார். விட்டோம். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

மறுநாள் ஃபஜ்ருக்கு முன் வண்டிச் சத்தம் கேட்டு உம்மா முணுமுணுத்தார். கிளட்ச் கம்பியும் பழையதுதான். அதையும் இந்த வாரமே மாற்ற வேண்டும், இன்ஷா அல்லாஹ்.