பனிமூட்டத்தில் ஒரு மஞ்சட் சட்டை

யாழ்ப்பாணத்து வெயிலில் வாழ்வோருக்குக் கம்பளி நூலைப் பற்றிய கவலை இல்லை. நுவரெலியாவிற் கால் வைத்ததும் அக்கவலை தானே பிறந்துவிடுகின்றது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகருக்கு, ஒரு மார்கழி விடுமுறையில், தங்கை வீட்டு விருந்தினராக நாமும் இல்லாளும் சென்றிருந்தோம்.

மருமகனுக்கு வயது ஐந்து. அவனுக்கொரு சட்டை பின்னுவதற்காகக் கடைத்தெருவில் நூல் வாங்கப் புகுந்தோம். இல்லாளின் கை மஞ்சள் நூலை நாடிற்று. நாமோ, "சிறுவனுக்குச் சாம்பல் நிறமே ஏற்றது; அழுக்குத் தெரியாது" என்று வாதாடி வென்றோம்.

மறுநாட் காலை, தேசாதிபதி கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பெற்ற வாவியின் அருகே உலாவினோம். பழைய சாம்பல்நிறச் சட்டையணிந்த மருமகன் முன்னே ஓடினான். பனிமூட்டம் இறங்கியது. இருபது அடி தூரத்திற் பிள்ளையைக் காணவில்லை! எங்கோ ஒரு மோட்டார் வண்டியின் ஊதல் கேட்டது. நம் நெஞ்சு உறைந்தது. "மாமா!" என்ற குரல் வீதியோரத்திலிருந்து வந்தபோதுதான் உயிர் மீண்டது. அவ்வேளையில், அவனிலும் இருமடங்கு தொலைவிற் சென்றுகொண்டிருந்த ஒரு சிறுமியின் மஞ்சட் சட்டை நம் கண்ணுக்குத் தெரிந்தது.

காரணம் எளிது. மூட்டத்தின் நுண்ணிய நீர்த்துளிகள் எல்லா நிற ஒளியையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிப்பதால் அது வெண்சாம்பலாகத் தோன்றுகின்றது. வெள்ளையும் சாம்பலும் அதனுட் கரைந்துவிடுகின்றன. சிவப்பு, பகலில் எடுப்பாயிருப்பினும், அந்தி மங்கலிற் கறுத்துப்போகும். இதனைப் புர்க்கின்யே என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தார். மஞ்சளோ இரு வேளையிலும் வெளிறித் துலங்குவது.

அன்றே கடைக்குத் திரும்பினோம். கடைக்காரர் முகஞ்சுளிக்காது நூலை மாற்றித் தந்ததோடு, சில நுணுக்கங்களையும் உரைத்தார். மின்விளக்கின் கீழ் நிறந் தேர்தல் கூடாது. வாயிலுக்குக் கொணர்ந்து பகலொளியிற் பார்த்தல் வேண்டும். நூற்பந்தின் சுற்றுத்தாளிலே சாயத்தொகுதி எண் உண்டு. ஒரே எண்ணுள்ள பந்துகளைத் தேவையான அளவுக்கு ஒருமிக்க வாங்காவிடின், பின்னிய பின்னர் சட்டையின் நடுவே வேறுபட்ட சாயல் கோடாகத் தோன்றும். இரு நிறங்களைச் சேர்த்துப் பின்னுவோர், நனைந்த வெள்ளைத் துணியால் நூலைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகின்றதா என்று முதலிலே சோதித்தல் நன்று.

இல்லாள் உடலை மஞ்சளாகவும், அழுக்கு விரைவிற் படியும் கைவிளிம்பையும் கீழ்விளிம்பையும் கருநீலமாகவும் பின்னி முடித்தாள். நம் சிக்கனத்துக்கும் சிறிது இடம் கிடைத்தது!

விடைபெற்ற காலையிலும் பனி மூடியிருந்தது. வாயிலில் நின்று கையசைத்த மருமகனின் முகம் மறைந்த பின்னரும், அம்மஞ்சள் நெடுநேரம் தெரிந்தது. பிள்ளைக்கு நிறந் தேரும் பெற்றோர், அழுக்கை எண்ணுமுன் அவன் நடக்கும் வழியை எண்ணுவாராக.