மேலா, கீழா?

இரவு எட்டு மணிக்கு லேசர் ஸ்கேனிங் மைக்ரோஸ்கோப்பை ஓடவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். செல்கள் இரண்டாகப் பிரிவதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக விடியும்வரை எடுக்க வேண்டும். காலையில் வந்து கோப்பைத் திறந்தேன். முதல் நாற்பது நிமிடம் எல்லாம் சரி. அப்புறம் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒளி குறைந்தன. பத்து மணிக்கு மேல் திரையில் வெறும் இருட்டு.

“ஃபோகஸ் லாக் போட்டியா தம்பி?” என்றார் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்.

“மறந்துட்டேண்ணே.”

“அப்ப ராத்திரி பூரா ஏசியைத்தான் படம் எடுத்திருக்கே.”

அவர் சொன்னது விளையாட்டல்ல. பத்து சென்டிமீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 2.3 மைக்ரான் நீளும். உயர்தர ஆயில் லென்ஸ் ஒன்று தெளிவாகக் காட்டும் ஆழமோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஏசி நின்று நின்று ஓடும்போதெல்லாம் கருவியின் உடம்பில் இருக்கும் உலோகம் மூச்சுவிடுகிறது. செல்கள் லென்ஸின் பார்வையிலிருந்து நழுவுகின்றன.

பாழான இரவைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்தது, ஃபோகஸை நழுவாமல் பிடித்துவைக்கும் அந்த லாக் பொத்தான்தான். ஆறு வருடமாக அழுத்துகிறேன். உள்ளே என்ன நடக்கிறது, யார் முதலில் யோசித்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தேடலைக் கருவியின் தகப்பனிடமிருந்து தொடங்கினேன். மார்வின் மின்ஸ்கி, பின்னாளில் செயற்கை நுண்ணறிவின் முன்னோடியாகப் பெயர் பெற்றவர். இளைஞராக ஹார்வர்டில் இருந்தபோது மூளையின் நரம்பு இணைப்புகளைப் பார்க்க ஆசைப்பட்டார். மூளைத் திசு தடிமனானது. மேலும் கீழும் இருக்கும் அடுக்குகளின் ஒளி கலந்து படத்தைக் கெடுத்தது. ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, திரும்பி வருவதை ஓர் ஊசித்துளை வழியாக மட்டும் வாங்கினார். குவியத்தில் இருக்கும் புள்ளியின் ஒளி துளைக்குள் நுழையும். மற்றது துளையைச் சுற்றியுள்ள தகட்டில் மோதி நின்றுவிடும். 1957 நவம்பரில் விண்ணப்பித்து 1961 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். அவர் கருவியில் லேசர் இல்லை. ஒளிக்கற்றை அசையாமல் நிற்க, மாதிரிதான் அசைந்தது. லேசரை இந்த வகைக் கருவிக்குக் கொண்டுவந்தவர்கள் டேவிடோவிட்ஸும் எக்கரும், 1969இல்.

என் படம் மங்கலாகாமல் ஏன் இருண்டது என்பது இங்கேதான் விளங்கியது. சாதாரண நுண்ணோக்கியில் ஃபோகஸ் தப்பினால் ஒளி பரவுமே தவிரக் குறையாது. படம் குழம்பினாலும் அதன் மொத்த வெளிச்சம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மின்ஸ்கியின் ஊசித்துளை இருந்தால், ஃபோகஸ் தப்பிய ஒளி உள்ளேயே வருவதில்லை. அப்படியானால் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் இடமே குவியம். 1982இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஹாமில்டனும் வில்சனும் இந்த உச்சத்தை அளவுகோலாக்கி, ஒரு பரப்பின் மேடுபள்ளங்களை அளந்து காட்டினார்கள்.

விடை கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் உறுத்தியது. வெளிச்சம் குறைந்திருக்கிறது, சரி. லென்ஸ் இப்போது மேலே போக வேண்டுமா, கீழேயா? உச்சிக்கு இரண்டு பக்கமும் சரிவுதான். எந்தச் சரிவில் நிற்கிறோம் என்பதை வெளிச்சம் சொல்லாது.

படத்தின் கூர்மையை வைத்துத் தேடும் முறைக்கும் இதே குறைதான். ஸ்டான்ஃபோர்டில் 1970இல் டெனன்பாம் எழுதிய ஆய்வேடு, கணினியின் கண்ணுக்குத் தானாகக் குவியம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தது. பிரென்னரும் உடனிருந்தவர்களும் 1976இல் செல்களை ஆராயும் தானியங்கி நுண்ணோக்கி ஒன்றை விவரித்தார்கள். அவர்கள் பெயரில் வழங்கும் கணக்கு எளிமையானது. ஒவ்வொரு படப்புள்ளியையும் இரண்டு புள்ளி தள்ளி இருப்பதோடு கழித்து, வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டு. விளிம்புகள் கூர்மையாக இருந்தால் கூட்டுத்தொகை ஏறும். ஆனால் ஓரடி வைத்துப் பார்த்தால்தான் ஏறியதா இறங்கியதா என்று தெரியும். பழைய ரேடியோவில் முள்ளை நிலையத்தைத் தாண்டவிட்டு மறுபடி பின்னுக்குக் கொண்டுவருவோமே, அதே தடவல்தான்.

கேமராவுக்கு இந்தத் தடவல் கட்டுப்படியாகும். லேசர் ஸ்கேனிங்குக்கு ஆகாது. படம் புள்ளி புள்ளியாக உருவாவதால் ஒரு தளத்துக்கே ஒரு விநாடி பிடிக்கலாம். முப்பது தளம் தடவினால் அரை நிமிடம். அந்த அரை நிமிடமும் லேசர் பட்டு ஒளிர்சாயம் வெளுத்துக்கொண்டே இருக்கும். ஃபோகஸைக் கண்டுபிடித்து முடிக்கும்போது பார்க்க வேண்டியதில் பாதி போயிருக்கும்.

ஆகவே என் கேள்வி மாறியது. திசை தெரிந்த ஃபோகஸ் எங்கிருந்து வந்தது?

பரணில் ஒரு செத்துப்போன சிடி பிளேயர் கிடந்தது. கழற்றினேன். பட்டாணி அளவு லென்ஸ் ஒன்று மெல்லிய கம்பிகளில் மிதந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டால் அமிழ்ந்து எழும்பியது. 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்தச் சாதனத்தை யாரும் நுண்ணோக்கி என்று அழைக்கவில்லை. ஆனால் 1.6 மைக்ரான் இடைவெளியில் ஓடும் தடங்களை 780 நானோமீட்டர் லேசரால் படிப்பதை வேறென்ன சொல்வது? சுழலும் தட்டு அரை மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் ஆடலாம். குவியத்தின் ஆழமோ சுமார் நான்கு மைக்ரான். தடவிப் பார்க்க நேரமே கிடையாது.

பொறியாளர்கள் செய்தது விபரீதமான காரியம். லென்ஸ் செய்கிறவர்கள் காலங்காலமாக ஒழிக்கப் பாடுபட்ட ஒரு குறையை வேண்டுமென்றே உள்ளே வைத்தார்கள். திரும்பி வரும் ஒளியின் பாதையில் ஓர் உருளை லென்ஸ். கண் மருத்துவர் ‘சிலிண்டர் பவர்’ என்று எழுதுவாரே, அதேதான். தட்டு சரியான தூரத்தில் இருந்தால் ஒளிப்புள்ளி வட்டம். கிட்ட வந்தால் ஒரு மூலைவிட்டத்தில் நீளும். தள்ளிப் போனால் இன்னொரு மூலைவிட்டத்தில் நீளும். நான்கு கட்டங்களாகப் பிரித்த உணரியில் எதிரெதிர்க் கட்டங்களைக் கூட்டிக் கழித்தால் வரும் எண்ணுக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. அந்தக் குறிதான் நான் தேடிய திசை.

மங்கல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்; சமச்சீரைக் குலைத்தால்தான் வாய் திறக்கும். இது பிடிபட்டதும் பழைய ஆட்கள் வரிசையாக வந்தார்கள். 1858இல் பாரிஸில் ஃபூக்கோ, தொலைநோக்கி ஆடிகளைச் சோதிக்கக் குவியத்தில் கத்தி முனையை வைத்தார். குவியத்துக்கு முன்னால் வெட்டினால் நிழல் ஒரு பக்கத்திலிருந்து நுழையும், பின்னால் வெட்டினால் எதிர்ப்பக்கத்திலிருந்து. சரியாகக் குவியத்தில் வெட்டினால் ஆடி முழுவதும் ஒரே சமயத்தில் இருளும்.

அவருக்கும் முன்னால் ஷைனர். சூரியப் புள்ளிகள் பற்றி கலிலியோவோடு வழக்காடிய அதே பாதிரியார். கண்ணைப் பற்றி 1619இல் இன்ஸ்ப்ரூக்கில் அவர் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை இருக்கிறது. செய்து பார்த்தேன். விசிட்டிங் கார்டில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளை. ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணோடு கார்டை ஒட்டிவைத்து, ஒரு சாண் தள்ளி நிமிர்த்திப் பிடித்த ஊசியைப் பார்க்க வேண்டும். பார்வையை ஊசியில் நிறுத்தினால் ஊசி ஒன்று. தூரத்துச் சுவருக்கு மாற்றினால் இரண்டு.

வலது துளையை அடைத்தேன். இடது ஊசி மறைந்தது. ஊசியைத் தூரத்தில் குத்திவைத்துப் பார்வையைக் கிட்டக் கொண்டுவந்தேன். இப்போது வலது துளையை அடைத்தால் வலது ஊசியே மறைந்தது. பொருள் குவியத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ஒரு காகித அட்டை சொல்லிவிட்டது.

எங்கள் மைக்ரோஸ்கோப்பின் லாக் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். சாயத்தைத் தொடாத அகச்சிவப்பு ஒளி, லென்ஸின் மையம் வழியாகப் போகாமல் ஓரமாகப் போய், செல்கள் ஒட்டியிருக்கும் கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. கண்ணாடி ஏறினால் திரும்பும் புள்ளி ஒரு பக்கம் நகரும், இறங்கினால் மறுபக்கம். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி திரும்பும். ஆயில் லென்ஸில் இடைவெளியை நிரப்பும் எண்ணெய் அந்த எல்லையை அழித்துவிடுவதால், கண்ணாடிக்கும் நீருக்கும் நடுவில் திரும்பும் நூற்றுக்கு 0.4 பங்கை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். ஆயிலில் ஒரு குமிழி இருந்தாலே லாக் ஏன் கழன்றுகொள்கிறது என்பதும் அப்போது புரிந்தது. அது பார்ப்பது செல்லை அல்ல, கண்ணாடியை. கண்ணாடியிலிருந்து செல் எவ்வளவு உயரம் என்று நாம்தான் சொல்லிவைக்கிறோம்.

அடுத்த வாரம் கார்டை அண்ணனிடம் நீட்டினேன். கண்ணில் ஒட்டிவைத்துச் சுவரைப் பார்க்கச் சொல்லி, ஊசியை முன்னால் பிடித்தேன். தூரத்தைச் சொல்லவில்லை.

“ரெண்டா தெரியுதுடா.”

“வலது ஓட்டையை மூடுங்கண்ணே.”

“இடது போயிருச்சு.”

“அப்ப ஊசி சுவருக்கு முன்னாடி இருக்கு.”

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.